ஆயிரம் லிட்டருக்குப் பத்து மில்லி

ஏப்ரல் 24

மூன்றாவது வரிசை மதியத்துக்கு மேல் தலையைத் தொங்கப் போட்டுவிட்டது. மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஓடுகிறது, உரக் கரைசலும் சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் லெட்யூஸ் கீரை இலையெல்லாம் பிழிந்து போட்ட துணி மாதிரி குழாய் மேல் கிடக்கிறது. ஒரு செடியைக் கூடையோடு தூக்கிப் பார்த்தேன். வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் டீத்தூள் நிறத்தில் இருந்தது. விரலால் உருவினால் மேல்தோல் கழன்று வந்து நூல் மாதிரி ஒன்றுதான் மிஞ்சுகிறது. அழுகின முட்டைக்கோஸ் நாற்றம்.

வேரழுகல். எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மண்ணில்லாத் தோட்டத்தில் தண்ணீர்தான் மண். ஆயிரம் லிட்டர் டேங்க் ஒன்று, அதிலிருந்து ஆறு வரிசைக் குழாய்க்கும் ஒரே தண்ணீர் சுற்றிச் சுற்றி வருகிறது. ஒரு செடியின் சீக்கு மற்ற எல்லாச் செடிக்கும் போக ஒரு நாள் போதும்.

மொட்டை மாடியிலிருந்து கீழே வந்ததும் என் வீட்டுக்காரர் கேட்டார். "ஏன் துளசி, மொகம் ஒரு மாதிரி இருக்குது?"

"வெயிலுங்க."

தண்ணீர்ச் சூடு 31 டிகிரி. அவர் மூச்சு பரவாயில்லை.

ஏப்ரல் 27

மூன்றாவது வரிசையை முழுசாகப் பிடுங்கிக் குப்பையில் போட்டேன். கோயமுத்தூர்க் கடைக்காரர் கொடுத்த நல்ல பூஞ்சைப் பொடியை டேங்கில் கரைத்தேன். வேரைப் பாதுகாக்கும் என்றார். திருப்பூர் வெயிலில் அந்தப் பூஞ்சை பாவம் தன்னைத்தானே பாதுகாத்துக்கொள்ளட்டும்.

மே 1

நான்காவது வரிசையும் ஆரம்பித்துவிட்டது.

ரெஜினாவுக்கு ஃபோன் போட்டேன். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரியில் என் பக்கத்து பெஞ்ச். இப்போது குடிநீர் சோதிக்கும் லேபில் இருக்கிறாள். நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "இதுக்கா இத்தனை யோசனை? குளோரின் போடுடீ. ஊருக்குத் தண்ணி விடறதுக்கு முன்னாடி நாங்க போடறதுதானே. கொஞ்சமாப் போட்டா வேருக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள்.

அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

இந்த வீட்டில் பாத்ரூம் கழுவக்கூட ப்ளீச்சிங் பவுடர் வாங்குவதில்லை. பக்கத்து வீட்டு வாசலில் தெளித்தால்கூட அவர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவார். சாத்தினால் அன்றைக்கு முழுக்கத் திறக்க விடமாட்டார்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே சாயப்பட்டறையில்தான் இருந்தோம். நான் லேபில். அவர் துணி வெளுக்கும் தொட்டிக்குப் பொறுப்பு. அங்கே குளோரின் கரைசலும் ஆசிட்டும் ஒரே மாதிரி நீலக் கேனில்தான் வரும். எதன் மேலும் ஒரு எழுத்து கிடையாது. கரைசல் கிடந்த தொட்டியில் அவர் ஒரு நாள் ஊற்றிய கேனில் இருந்தது ஆசிட். மஞ்சளும் பச்சையுமாகப் புகை எழுந்தது. உள்ளே இருந்த இரண்டு பேரை இழுத்து வெளியே போட்டுவிட்டுத்தான் அவர் விழுந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு ஆப்பிளோடு வந்த மேனேஜர், "பார்த்து ஊத்தியிருக்கலாமே சென்னியப்பா" என்றார்.

புகை அவர் நுரையீரலைப் பாதி தின்றது. மீதியைத் தின்றது அந்த வார்த்தை. அவர் மேல் தப்பில்லை என்று நானும் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டேன். "நீ அப்பிடித்தான் சொல்லுவே" என்பார். பெண்டாட்டி சொன்னால் அது சாட்சியில் சேராது போலிருக்கிறது.

அவர் மூச்சு சுமார். படி ஏறினால் இழுக்கிறது. அதனால் மாடிக்கு வருவதில்லை.

மே 3

முடிவு பண்ணிவிட்டேன்.

இந்தத் தோட்டம் போனால் நான் மறுபடி எவன் பட்டறையிலாவது போய் நிற்க வேண்டும். நிற்க மாட்டேன். அந்தத் திரவத்துக்கு யார் மேலும் பகை கிடையாது. அது என்னவென்று தெரியாமல், எங்கே வைப்பது என்று கவலைப்படாமல் விட்டவர்கள்தான் அன்றைக்கு விஷம் வைத்தார்கள். எனக்குத் தெரியும். நான் கவலைப்படுவேன்.

ரெஜினா வீட்டுக்கே போய் வாங்கி வந்தேன், பத்து சதவீதக் கரைசல் ஒரு கேன். கூடவே தண்ணீரில் எவ்வளவு குளோரின் இருக்கிறது என்று பார்க்கும் சொட்டு மருந்து. சோதனைக் குழாயில் தண்ணீர் எடுத்து அதில் ஒரு சொட்டு விட்டால் மஞ்சளாகும். எவ்வளவு மஞ்சளோ அவ்வளவு குளோரின்.

"அம்மோனியா இருக்கிற உரம் போடறியா?" என்று கேட்டாள்.

"இல்லடீ. ஏன்?"

"போட்டீன்னா ரெண்டும் சேந்து வேரைச் சுட்டுடும். அப்புறம், உன் ஆசிட்டை எங்க வெச்சிருக்கே?"

தண்ணீரின் காரத்தைக் குறைக்க நான் தினமும் கொஞ்சம் ஆசிட் சேர்ப்பது வழக்கம். அது மாடி அறையில் இருந்தது. வீட்டுக்கு வந்த முதல் வேலையாக அதைக் கீழே இறக்கி, கொல்லைப்புறச் சுவர் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். குளோரின் மாடியில், நிழலில், தனிப் பெட்டியில். கேன் மேல் பெரிய எழுத்தில் பேர். இரண்டுக்கும் வேறு வேறு அளவுக் குவளை. கையுறை, கண்ணாடி.

அவரிடம் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது பொய்யா என்று யோசித்தேன். வேலை இருந்ததால் யோசனையை நிறுத்திவிட்டேன்.

மே 4

காலையிலிருந்து ஒரே வேலை. நல்ல செடிகளைப் புதுத் தண்ணீர் வாளிகளில் வைத்துவிட்டு டேங்கைக் காலி பண்ணினேன். குழாயெல்லாம் உள்ளே வழவழவென்று ஒரு ஏடு. பிரஷ் போட்டுத் தேய்த்து எடுத்தேன். அழுக்கு இருக்கும்வரை குளோரின் அழுக்கைத்தான் தின்னும், கிருமி கிட்டே போகாது. பிறகு செடி இல்லாத குழாயில் கொஞ்சம் காட்டமாகவே ஓடவிட்டு, நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசினேன்.

டேங்க் நிறைந்ததும் உரம். அப்புறம் ஆசிட். அரை மணி நேரம் சுற்றவிட்டேன். அது கரைந்து எங்கும் பரவின பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும்.

சாயங்காலம், வெயில் இறங்கினதும். வெயிலில் போட்டால் குளோரினை வெயிலே குடித்துவிடும். ஆயிரம் லிட்டருக்குப் பத்து மில்லி. அவ்வளவுதான், ஒரு இருமல் மருந்து மூடி. அதையும் நேராக ஊற்றாமல் ஒரு வாளித் தண்ணீரில் கலந்து, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, மெல்ல ஊற்றினேன். கொஞ்ச நேரம் கழித்துச் சொட்டு விட்டுப் பார்த்தேன். வெளிர் மஞ்சள்.

கையுறைக்குள் உள்ளங்கை நனைந்திருந்தது. வெயில் இறங்கினாலும் புழுக்கம் குறையவில்லை.

மே 5

மஞ்சள் காணோம். தின்றுவிட்டது. மறுபடி பத்து மில்லி.

மே 9

புது வேர்! ஐந்தாவது வரிசையில் பழைய பழுப்பு வேருக்கு நடுவில் தேங்காய்ப்பூ மாதிரி வெள்ளையாக எட்டிப் பார்க்கிறது. முழங்கால் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போல இருந்தது. வீட்டில் ஒருத்தர்தான் இருக்கிறார்.

ரெஜினாவுக்குப் படம் அனுப்பினேன்.

மே 11

தெரிந்துவிட்டது.

சோறு போட்டுக்கொண்டிருந்தேன். என் முந்தானையில் இருந்த குளோரின் வாசம் அவர் மூக்கில் பட்டிருக்கும் போல. தட்டைத் தள்ளி வைத்தார்.

"எங்க போயிட்டு வந்தே?"

"மாடிக்குத்தானுங்க."

"மாடியில என்ன இருக்குது?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். எவ்வளவு, எப்படி, எங்கே வைத்திருக்கிறேன், ஆசிட் எங்கே இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு மூடி, குடிக்கிற தண்ணீரில் இருப்பதை ஒட்டித்தான் என்றும் சொன்னேன். அவர் எதையும் கேட்கவில்லை. அவர் காதில் பட்டறைச் சங்கு ஊதிக்கொண்டிருந்தது போல.

"என் தலைக்கு மேல கொண்டாந்து வெச்சிருக்கே."

"உங்க தலைக்கு மேல நான் இருக்கறனுங்க. நான் பாத்துக்கறேன்."

"நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"இல்லீங்க. உங்களைப் பாக்க விடல. நீங்க பாக்கறதுக்கு அங்க ஒண்ணும் எழுதி வெக்கல."

எழுந்து போய்விட்டார். அந்தச் சாப்பாட்டை நானே சாப்பிட்டேன். வீணாக்குவானேன்.

மூச்சு எப்படி என்று தெரியவில்லை. முதுகைக் காட்டிப் படுத்திருந்தார்.

மே 12

பேசவில்லை. குளோரின் போட்டேன்.

மே 15

அவருடைய அக்கா பழனாத்தாள் காங்கேயத்திலிருந்து வந்து இறங்கினார். எனக்கு நங்கை முறை. தம்பி ஃபோன் போட்டு வரச் சொல்லியிருக்கிறார். தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். பையைக்கூட இறக்கி வைக்காமல் ஆரம்பித்தார்.

"ஏன் அம்முணி, உனக்கு வேற பொழைப்பே கெடைக்கலியா? அவனைப் பாதி கொன்னதைக் காசு குடுத்து வாங்கியாந்து வீட்டுல வெச்சிருக்கியே, உனக்கு நெஞ்சு எப்பிடி வந்துது?"

"நங்கைங்க, தண்ணி குடிங்க முதல்ல."

"தண்ணி வேண்டாம். அதைத் தூக்கி வீசு."

"வீச மாட்டனுங்க."

"அப்ப நான் வீசறேன்."

"அதைத் தொடாதீங்க. அதுக்கு ஒரு முறை இருக்குது. தெரியாம தொட்டா ஆபத்து."

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றார். நான் தோசை சுடப் போய்விட்டேன்.

மே 16

குளோரின் போட்டேன். நங்கை மாடிப்படியில் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும் என்றுதான் மெதுவாகப் போட்டேன்.

மே 18

கை இப்போதுதான் எழுத வருகிறது.

குழாய் மூடிகளில் உப்புப் படிந்து அடைக்கிறது. காலையில் அவற்றை ஆசிட் கலந்த ஒரு வாளியில் ஊறப் போட்டு, மாடி ஓரத்தில், மாடிக்கதவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். லெட்யூஸ் வாங்குகிற ஓட்டல்காரர் வந்து கூப்பிட்டார். அறுத்து வைத்ததை எடுத்துக்கொண்டு கீழே வந்தேன். அந்த நேரத்தில் நங்கை மேலே போயிருக்கிறார். குளோரின் பெட்டியின் பூட்டை நான் சரியாக அழுத்தவில்லை. கேனை எடுத்து, கீழே கொட்டினால் சாக்கடையில் யார் மேலாவது படும் என்று நல்ல மனசோடு, பக்கத்தில் இருந்த வாளியில் கொட்டியிருக்கிறார்.

நான் பாதிப் படியில் இருந்தபோதே அந்த வாசம். இத்தனை வருஷம் கழித்தும் உடம்புக்குத் தெரிகிறது. ஓடினேன்.

வாளியிலிருந்து மஞ்சள் புகை. நங்கை பக்கத்திலேயே இருமிக்கொண்டு, தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தார். குளோரின் காற்றைவிடக் கனம், கீழேதான் படுக்கும். உட்காருவது அதன் மடியில் உட்காருவது மாதிரி. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். காற்று மேற்கிலிருந்து வந்துகொண்டிருந்தது. மேற்கு ஓரத்தில் தண்ணீர்த் தொட்டி மேடை. இழுத்துக்கொண்டு போய் அதில் ஏற்றினேன்.

அப்போதுதான் மாடிக்கதவு திறந்தே கிடப்பதைப் பார்த்தேன். புகை வாசற்படியைத் தாண்டிப் படிக்கட்டில் இறங்கத் தொடங்கியிருந்தது. கீழேயிருந்து அவர் குரல். "துளசீ! அக்கா!" ஏறி வருகிறார். எத்தனையோ மாசமாகப் படி ஏறாத மனுஷன் இன்றைக்கு ஏறி வருகிறார்.

முந்தானையை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். அடி இடுக்கில் ஈரச் சாக்கைத் திணித்தேன். அவர் அந்தப் பக்கம் வந்து கதவை அடித்தார்.

"தொறடீ! தொறன்னு சொல்றேன்!"

"தொறக்க மாட்டேன். கீழ போங்க. வாசலுக்குப் போய் நில்லுங்க."

"துளசி, தொற!"

"செத்தாலும் தொறக்க மாட்டேன். போங்க!"

அடிப்பது நின்றது. இறங்கிப் போகிற செருப்புச் சத்தம் கேட்டது. மேடைக்குத் திரும்பி நங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாளிக்குக் கிட்டே போகவில்லை. தண்ணீர் ஊற்றவில்லை. ஒன்றும் செய்யாமல் காற்றை வேலை செய்ய விட்டேன். புகை வெளுத்து, கலைந்து, இல்லாமல் போன பிறகுதான் இறங்கினோம். கீழே அவர் ஆட்டோவை நிறுத்தி வைத்திருந்தார்.

மே 19

நங்கைக்கு ஆக்ஸிஜன் வைத்திருந்தார்கள். இன்று காலையில் எடுத்துவிட்டார்கள். நுரையீரலில் ஒன்றும் இல்லை, நாளை வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர். எனக்கும் தொண்டை எரிகிறது. கண் சிவந்திருக்கிறது. அவ்வளவுதான்.

நங்கை அழுதார். "எல்லாம் என்னாலதான். நல்லது பண்றேன்னு போயி மூணு பேத்தையும் கொல்லப் பாத்தேன். கண்ணு தெரியாம ஊத்திப்போட்டேன்."

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அக்கா கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அழுகாத. உன் மேல தப்பில்லக்கா. வாளியில என்ன இருக்குதுன்னு உனக்கு எப்பிடித் தெரியும்? அதுல பேரே எழுதல."

சொல்லி முடித்ததும் அக்கா கையை விட்டுவிட்டார். வாய் திறந்தபடி இருந்தது. யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டது மாதிரி மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பெண்டாட்டி சொன்னதாகிவிடும்.

வராந்தாவுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். "பார்த்து ஊத்தியிருக்கலாமேன்னு சொன்னானே துளசி. எதைப் பாக்கறது?" என்றார். பிறகு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். இத்தனை வருஷத்தில் அழுது பார்த்ததில்லை. போகிறவர்கள் எல்லாம் யாரோ இறந்துவிட்டதாக நினைத்து எங்களை விலகி நடந்தார்கள்.

மே 21

வாளியில் பேர் எழுதாதது நான். அதை நான் மறைக்கப் போவதில்லை. பூட்டை அழுத்தாததும் நான்.

ஆனால் அதற்காக நிறுத்தப் போவதும் இல்லை. மூடி ஊறப் போடுகிற ஆசிட் வேலை இனி மாடியில் கிடையாது, கொல்லையில் மட்டும், நான் பக்கத்தில் நிற்கும்போது மட்டும். வாளி, குவளை, மூடி எல்லாவற்றிலும் பேர். புதுப் பூட்டு. புதுக் கேன் வாங்கப் போனபோது ரெஜினா, "இன்னுமா?" என்றாள். "இன்னும்தான்" என்றேன்.

மே 24

நங்கை ஊருக்குக் கிளம்பினார். கிளம்பும்போது தம்பியிடம், "இனியாச்சும் இவளை நிறுத்தச் சொல்லு சாமி" என்றார்.

"நிறுத்த வேண்டாம்க்கா" என்றார் அவர். "எனக்குப் பயமாத்தான் இருக்குது. அதுக்காக அவ ஏன் நிறுத்தணும்?"

நான் உள்ளே போய் இல்லாத பாத்திரத்தைக் கழுவினேன்.

மே 30

ஐந்து வரிசையும் பச்சை. ஓட்டல்காரர், குளோரின் போட்ட கீரையை யார் தின்பார்கள் என்று இழுத்தார். அவர் ஓட்டலில் காய் கழுவுகிற குழாய்த் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். எடுத்துக்கொண்டு போனார்.

ஜூன் 2

காலையில் அவர் சட்டை மாட்டிக்கொண்டு நின்றார். "பட்டறைக்குப் போலாம், வா."

ஸ்கூட்டரில் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன்.

கேட்டில் உள்ளே விடவில்லை. ஷிஃப்ட் மாறுகிற நேரம். வெளியே வந்தவர்களை நிறுத்தி நிறுத்தி அவர் கேட்டார். "கேன் மேல இப்ப பேரு இருக்குதா?" இல்லை என்றார்கள். இப்போது தொட்டிக்குப் பொறுப்பு ஒரு ஒடிசாக்காரர், திவாகர். தமிழ் கொஞ்சம்தான். "மோந்து பாத்து ஊத்தறது" என்று மூக்கைத் தொட்டுக் காட்டினார்.

என் வீட்டுக்காரர் சட்டையைத் திறந்து, தொண்டைக்குழி இழுத்து இழுத்து விடுவதைக் காட்டினார். "நானும் மோந்துதான் பாத்தேன்" என்றார். அதற்கு மேல் மூச்சு வரவில்லை. மீதியை நான் சொன்னேன். என்ன எதோடு சேரக் கூடாது, புகை வந்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும், ஏன் உட்காரக் கூடாது. திவாகர் தன் ஆட்களுக்கு அவர்கள் பாஷையில் சொன்னார். யாரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை.

ஜூன் 3

மறுபடி போனோம். இன்றைக்கு இன்னும் கூட்டம்.

ஜூன் 5

பேர் எழுதாத கேனைத் தொட மாட்டோம் என்று நேற்று ராத்திரி ஷிஃப்ட் வேலையை நிறுத்திவிட்டதாம். இன்று நாங்கள் போனபோது கேட் திறந்தே இருந்தது. முற்றத்தில் கேன்களை வரிசையாக வைத்து, ஆசிட் கேனுக்கெல்லாம் சிவப்புப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். தமிழில் ஒருத்தர் எழுத, கீழே திவாகர் ஒடியாவில் எழுதிக்கொண்டிருந்தார்.

மேனேஜர் எங்களைப் பார்த்ததும் வந்தார். தலை நரைத்துவிட்டது.

"என்ன சென்னியப்பா, இப்பத் திருப்திதானே?"

"இல்லீங்க" என்றார் இவர்.

பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவர்கள் பிரஷ்ஷைக் கீழே வைத்தார்கள். எல்லாரும் பார்த்தார்கள்.

"அன்னைக்குத் தப்பு என்னுதில்லைன்னு இவங்க எல்லாரு முன்னாடியும் நீங்க சொல்லோணும்."

மேனேஜர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆபீசுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

திவாகர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து ஆபீஸ் கதவுக்கு நேராகப் போட்டார். இவர் அதில் உட்கார்ந்தார். இன்னொன்று வந்தது. நான் உட்கார்ந்தேன்.

நாளைக்கு வரும்போது குடிக்கத் தண்ணீர் கொண்டுபோக வேண்டும்.